ஜொகூர்ச் சாலையில் நின்ற பீரங்கிகள்

கான்பெரா நகரில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் ஒரு புகைப்படம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இரு மருங்கும் மரங்கள் அடர்ந்த ஒரு சாலை. சாலையோரத்தில் தாழ்ந்த சிறு பீரங்கி ஒன்று. அதன் பின்னே குனிந்து நிற்கும் சில வீரர்கள். சற்றுத் தொலைவில் அடிபட்டு நிற்கும் ஜப்பானிய டாங்கி. 1942 ஜனவரி 18ஆம் நாள் காலை, மூவார் பட்டணத்திலிருந்து பாரிட் சூலோங் செல்லும் வழியில், பக்ரி என்னும் இடத்தருகே எடுக்கப்பட்டது அப்படம். மலாயாப் போரைப் பற்றிய நூல்களில் அதைக் காணாதவர் குறைவு. ஆயினும் அந்தப் பீரங்கி எந்தப் படைக்குரியது, அதனை இயக்கியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள், அவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

அது 2/4ஆவது டாங்கி எதிர்ப்பு ரெஜிமெண்டின் 13ஆவது பேட்டரியைச் சேர்ந்த பீரங்கி. ரெஜிமெண்ட் என்னும் சொல் நம் வாசகர்களைச் சற்றுக் குழப்பக்கூடும். இந்தியக் காலாட்படையில் ரெஜிமெண்ட் என்றால் பல பட்டாளங்கள் அடங்கிய ஒரு பெரிய குடும்பம். பீரங்கிப்படையிலோ அது ஒரே தலைவரின் கீழ் இயங்கும் ஒரு தனிப் பிரிவு. அக்காலத்துக் களப் பீரங்கி ரெஜிமெண்ட் ஒன்றுக்கு ஏற்பட்ட கணக்கு 24 பீரங்கிகள். அவை பேட்டரிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு காலாட்படைப் பிரிவுக்குத் துணையாக இரவல் கொடுக்கப்படும். இந்த இரவல் வாழ்க்கைதான் பீரங்கி வீரனின் புகழுக்கு முதற் பகை. போர் நடந்த இடத்தின் பெயரோடு காலாட்படையின் பெயர் ஒட்டிக்கொள்ளும்; துணைக்கு வந்த பேட்டரியின் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிடும்.

ஜொகூரில் நடந்தது என்ன என்பதை முதலிற் காணவேண்டும். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கி, ஐந்தே வாரத்தில் தீபகற்பத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. சிங்கப்பூருக்கு முன்னால் எஞ்சியிருந்தது ஜொகூர் ராஜ்யம் ஒன்றே. ஜெனரல் கார்டன் பென்னட்டின் தலைமையில் ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் கெமாஸிலிருந்து மூவார் ஆற்று முகத்துவாரம் வரை ஒரு தடுப்புக்கோடு அமைத்தன. ஆற்றோரத்தைக் காக்கும் பொறுப்பு 45ஆவது இந்தியப் பிரிகேடுக்கு அளிக்கப்பட்டது. ராஜபுதனத் துப்பாக்கிப்படை, ஜாட் படை, கடுவாலித் துப்பாக்கிப்படை ஆகியவற்றின் ஒவ்வொரு பட்டாளம் அதில் இருந்தது. போர்க்காலத்தில் அவசரமாகத் திரட்டப்பட்ட இளைஞர்கள் அவர்கள். பலர் சிறுவர்கள் என்றே சொல்லத்தக்கவர்கள். மலாயா மண்ணை மிதித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு எதிரே வந்ததோ ஜப்பானியச் சக்கரவர்த்தியின் மெய்காப்புப் படை. இந்தப் பிரிகேடுக்குத் துணையாக நின்றது 2/15ஆவது ஆஸ்திரேலியக் களப் பீரங்கி ரெஜிமெண்டின் 65ஆவது பேட்டரி.

இந்தியப் பிரிகேடுக்கு ஆஸ்திரேலியப் பீரங்கி ஏன் என்ற கேள்வி எழலாம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப்பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாக, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுப்பதில்லை என்பது ஆங்கில அரசாங்கத்தின் கொள்கையாக இருந்தது. முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு பெங்களூரில் 1935 ஜனவரி 15ஆம் நாள்தான் தோற்றுவிக்கப்பட்டது. மதராஸ் வீரர்களைக் கொண்ட பேட்டரி ஒன்றும் அதில் இடம்பெற்றது. ஆறே ஆண்டில் யுத்தம் பெருகியபோது, இந்திய டிவிஷன்களுக்கு வேண்டிய அளவுக்கு இந்தியப் பீரங்கி வீரர்கள் இல்லை. ஆகவே மலாயாவில் இந்தியச் சிப்பாய்களின் பின்னே நின்ற களப் பீரங்கிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளுடையவை, மூவாரில் ஆஸ்திரேலியருடையவை. மலைப்பீரங்கிகளையும், ஹாங்காங்–சிங்கப்பூர் ராயல் பீரங்கிப்படையின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் சீக்கியரும் பஞ்சாப் முஸ்லிம்களும் இயக்கினார்கள். எழுபது எண்பது ஆண்டுக்கால நம்பிக்கையின்மைக்கு நேர்ந்த விலையை ஜொகூரில் யார் கொடுத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

களப் பீரங்கி வேலை செய்யும் முறையும் அறியத்தக்கது. 25 ராத்தல் குண்டு வீசும் பீரங்கி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம் எறியும். அதை இயக்குபவன் பகைவனைக் காண்பதில்லை. முன்வரிசையில் காலாட்படையோடு மறைந்திருக்கும் ஒரு பீரங்கி அதிகாரி, எதிரி இருக்கும் இடத்தைப் பார்த்து, தொலைபேசிக் கம்பி மூலமாகவோ வானொலி மூலமாகவோ தூரமும் திசையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பி அறுந்தால் பீரங்கி குருடாகிவிடும். ஜனவரி 14ஆம் நாள், ஜொகூர் எல்லைக்கு அருகே கெமிஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கியபோது நடந்தது இதுவே. சைக்கிள்களில் வந்த நூற்றுக்கணக்கான ஜப்பானியர் பாலத்தைக் கடக்கும் வரை காத்திருந்து பாலத்தைத் தகர்த்தார்கள். பின்னால் இருந்த பீரங்கிகள் குண்டுமாரி பொழிய வேண்டிய தருணம் அது. ஆனால் முன்னே கடந்துபோன ஜப்பானியர் தொலைபேசிக் கம்பியைக் கண்டு அறுத்துவிட்டதால், பீரங்கிகள் வாய் திறக்கவில்லை. மறுநாள் கெமாஸில் டாங்கிகள் வந்தபோதுதான் பீரங்கிகள் தம் வேலையைக் காட்டின.

டாங்கி எதிர்ப்புப் பீரங்கியோ இதற்கு நேர்மாறானது. குண்டின் எடை இரண்டே ராத்தல். பகைவனை நேருக்கு நேர் பார்த்து, சில நூறு கஜத் தூரத்தில், சில வேளை அதனினும் அருகில் நின்று சுடவேண்டும். சுட்ட மறுகணமே பீரங்கி இருக்கும் இடம் பகைவனுக்குத் தெரிந்துவிடும். பக்ரியில் 2/29ஆவது காலாட்பட்டாளத்தோடு இத்தகைய சிறு பீரங்கிகள் அனுப்பப்பட்டன. பட்டாளத் தலைவர் லெப்டினண்ட் கர்னல் ராபர்ட்சனுக்கு அவற்றின்மேல் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை என்றும், அவை வேண்டியதில்லை என்ற மனப்பான்மையே அவரிடம் காணப்பட்டது என்றும் பீரங்கித் தரப்பினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அடர்ந்த ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பும் நிறைந்த நாட்டில் டாங்கிகள் எப்படி வரும் என்ற எண்ணம் அன்று பலரிடமும் இருந்தது. தோட்டங்களை வெட்டித் திருத்தி, நல்ல தார்ச்சாலைகளால் அவற்றைப் பட்டணங்களோடு பிணைத்திருந்த நாடு அது என்பதை அவர்கள் மறந்தார்கள். அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஜனவரி 18ஆம் நாள் விடியற்காலையில் கோத்தாண்டா என்னும் காப்டனின் டாங்கிப் பிரிவு மூவார்ச் சாலை வழியே வந்தது. வளைவில் ஒரு பீரங்கியும், அதற்குப் பின்னால் மற்றொன்றும் காத்திருந்தன. சார்ஜெண்டுகளான பார்சன்ஸ், தார்ண்டன் என்னும் இருவரும் அவற்றின் தலைவர்கள். முதலில் சுடப்பட்ட கவசம் துளைக்கும் குண்டுகள் மெல்லிய தகட்டை ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளியேறிவிட்டன, டாங்கிகள் நிற்கவில்லை. ஜப்பானிய இலேசு டாங்கியின் கவசம் 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதன்று. பின்னர் வெடிக்கும் குண்டுகளை மாற்றிப் போட்டுச் சுட்டார்கள். ஒன்பது டாங்கிகள் அந்தச் சாலையிலேயே எரிந்து அழிந்தன. டாங்கிகளோடு வந்திருக்க வேண்டிய காலாட்படை உடன் வராததும் அவற்றின் அழிவுக்கு ஒரு காரணம். அன்று பகலில் ராபர்ட்சன் காயமுற்று இறந்தார். அந்தப் பீரங்கிகள் இல்லாவிட்டால் தம் பட்டாளம் அழிந்திருக்கும் என்று இறக்கும் தறுவாயில் அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு வரலாறு உண்டு. உண்மையாயின், பீரங்கி வீரர்களுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. அதற்கு அடுத்தது கிடைக்க நெடுங்காலம் சென்றது.

அதன்பின் வந்த நான்கு நாட்கள் மலாயாப் போரின் மிகக் கொடிய நாட்கள். ஜனவரி 19ஆம் நாள் பக்ரியில் இருந்த பிரிகேடுத் தலைமையகத்தின்மேல் குண்டு விழுந்தது. பிரிகேடியர் டங்கன் அதிர்ச்சியுற்றார். அலுவலர்கள் பெரும்பாலோர் மாண்டார்கள். 65ஆவது பேட்டரியின் தலைவர் மேஜர் ஜூலியஸும் படுகாயமுற்று உயிர் நீத்தார். 2/19ஆவது பட்டாளத் தலைவர் லெப்டினண்ட் கர்னல் ஆண்டர்சன் எஞ்சியோர் அனைவரையும் திரட்டிக்கொண்டு, காயமுற்றோரை லாரிகளில் ஏற்றி, பாரிட் சூலோங் நோக்கிப் பின்வாங்கினார். சாலையெங்கும் மரங்களையும் வண்டிகளையும் குறுக்கே போட்டு ஜப்பானியர் தடுத்திருந்தார்கள். பல மைல் தூரம் எறிவதற்காகச் செய்யப்பட்ட 25 ராத்தல் பீரங்கிகள் அங்கே சாலைத் தடுப்புகளை மிக அருகில் நின்று நேராகச் சுடப் பயன்பட்டன. ஜனவரி 20ஆம் நாள், டங்கன் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஒரு தாக்குதலை நடத்திச் செல்லுகையில் கொல்லப்பட்டார். 22ஆம் நாள் பீரங்கிகளும் வண்டிகளும் அழிக்கப்பட்டு, நடக்கக்கூடியவர்கள் காட்டுக்குள் புகுந்தார்கள். யோங் பெங் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும்தாம். பாலத்தருகே விட்டுச்செல்லப்பட்ட காயமுற்றோரில் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரையும் 40 இந்தியரையும் ஜப்பானியர் கொன்று எரித்தார்கள். இறந்தவன்போல் கிடந்து தப்பிய லெப்டினண்ட் ஹாக்னியின் சாட்சியம் பின்னர் உலகறிந்தது. அப்படையின் தலைவர் நிஷிமுரா 1951 ஜூன் 11ஆம் நாள் மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

பீரங்கி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மாத இறுதியில் ஜொகூரே சான்று தந்தது. இருப்புப்பாதை வழியாகப் பின்வாங்கிய 9ஆவது இந்திய டிவிஷனுக்கு லாயாங் லாயாங்குக்குத் தெற்கே சாலையே இல்லை. ஆகவே பீரங்கிகளையும் வண்டிகளையும் வேறு வழியில் முன்னதாக அனுப்பிவிட்டார்கள். டிவிஷன் தலைவர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28ஆம் நாள் அங்கே கொல்லப்பட்டார்; துண்டிக்கப்பட்ட 22ஆவது இந்தியப் பிரிகேடு காட்டில் அலைந்து இறுதியில் சரணடைந்தது. கிழக்கே, மெர்சிங்குக்கும் ஜெமாலுவாங்குக்கும் இடையே நித்ஸ்டேல் தோட்டத்தில், 26ஆம் நாள் இரவு 2/10ஆவது களப் பீரங்கி ரெஜிமெண்ட் காலாட்படைக்கு முன்னால் குண்டு வேலி அமைத்துத் தந்தது. ஒரு தோட்டத்தின் பெயர் இராணுவ வரலாற்றில் ஏறியது அப்படித்தான்.

இவ்வளவும் நடந்தும் மரியாதை ஏன் தாமதித்தது? வேண்டுமென்றே யாரோ மறைத்தார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. வீரப் பதக்கம் என்பது தானே வருவதன்று. செயலைக் கண்டவர் எழுதவேண்டும். பிரிவுத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும். மேலதிகாரிகள் வழியே அது போய்ச்சேர வேண்டும். மூவாரில் 45ஆவது பிரிகேடின் தலைவரும், அதன் மூன்று பட்டாளத் தலைவர்களும், 2/29ஆவது பட்டாளத் தலைவரும், பேட்டரித் தலைவரும் ஒரு வாரத்துக்குள் மாண்டார்கள். எழுதவேண்டிய கைகள் இல்லை. எஞ்சியவர்கள் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் சிறைப்பட்டார்கள். ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது பிப்ரவரி 13ஆம் நாள், அதாவது சரணாகதிக்கு இரண்டு நாள் முன்னதாக. இன்னும் ஒரு வாரம் தாழ்ந்திருந்தால் அதுவும் 1945க்குப் பிறகே வந்திருக்கும். பக்ரியில் பிரிந்துபோன சிலர் காட்டில் சீனக் கெரில்லாக்களோடு போர் முடியும் வரை காலங்கழித்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்ததே வெளியுலகுக்குத் தெரியாது.

இறந்தவர் விஷயத்தில் விதியே தடையாக இருந்தது. பிரிட்டிஷ் முறைப்படி, பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்துக்காக இறந்தவனுக்கு அளிக்கக்கூடியவை இரண்டே: ஒன்று மிக உயர்ந்த விக்டோரியா கிராஸ், மற்றது அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுதல். இடைப்பட்ட பதக்கங்கள் உயிரோடிருப்பவர்க்கே. 1970-களின் இறுதியில்தான் இந்த விதி மாற்றப்பட்டது. பீரங்கியின் அருகிலேயே விழுந்து இறந்த வீரனுக்கு, அவன் தோழன் உயிர்தப்பிப் பெறக்கூடிய பதக்கம் கிடைக்காது என்பது விந்தையான நியாயம்தான்.

பீரங்கிப்படைக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. காலாட்படைக்குக் கொடி உண்டு. போர்களின் பெயர்கள் அக்கொடியில் பொறிக்கப்படும். யுத்தத்துக்குப் பிறகு கெமாஸ், மூவார், ஜொகூர் என்ற பெயர்கள் அவ்வாறே வழங்கப்பட்டன. பீரங்கிப்படைக்குக் கொடி இல்லை. பீரங்கியே அதன் கொடி. எல்லாப் போர்களிலும் இருந்தவர்கள் என்பதால், தனித்தனிப் பெயர்களுக்குப் பதிலாக ‘எங்கும்’ என்று பொருள்படும் ‘உபீக்’ என்னும் ஒரே லத்தீன் சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்களுக்குச் சின்னமாகக் கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் எங்கும் இருந்தவன் என்று சொல்லப்பட்டவன், இன்ன இடத்தில் இருந்தான் என்று சொல்லப்படாமற் போகிறான். இக்குறையைப் போக்கவே தனிப் பேட்டரிகளுக்குச் சிறப்புப் பட்டம் வழங்கும் வழக்கம் பிரிட்டனில் 1920-களில் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவில் அத்தகைய பட்டம் முதன்முதலாக அளிக்கப்பட்டது 2008இல். வியட்நாமில் 1968இல் ‘கோரல்’ என்னும் தளத்தைக் காத்த 102ஆவது பேட்டரிக்கு, நாற்பது ஆண்டு கழித்து. பத்தாண்டுக்குப் பின் 2018இல், அப்போரில் ஈடுபட்ட பிரிவுகளுக்கு, 12ஆவது களப் பீரங்கி ரெஜிமெண்ட் உட்பட, கூட்டு வீர விருதும் வழங்கப்பட்டது. உயிரோடிருந்த பழைய வீரர்கள் விடாமல் எழுதியும் வாதாடியும் பெற்றவை இவை. ஜொகூரில் சுட்டவர்களுக்கு அவ்வாறு வாதாட ஆட்கள் மிஞ்சவில்லை. மிஞ்சியவர்களும் சயாம் மரண ரயில்வேயிலும் சாங்கியிலும் பட்ட துன்பத்தால் பெரும்பாலும் பேசாதிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் பென்னட் சிங்கப்பூரிலிருந்து தப்பிப் போனது சரியா தவறா என்ற சர்ச்சையே 1945இல் பத்திரிகைகளை நிறைத்தது.

அங்கீகாரம் துளித்துளியாக வந்தது. தளபதி பெர்சிவலின் அறிக்கை 1948இல் வெளியானபோது மூவார்ப் போரின் பெருமை அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் அரசாங்க வரலாறுகள் 1957இல் வெளிவந்தன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னமும் அதே ஆண்டு மார்ச் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்களுக்கு 2000இல் பிரிட்டன் 10,000 பவுனும், 2001இல் ஆஸ்திரேலியா 25,000 டாலரும் கொடுத்தன. பிரிட்டன் முதலில் கூர்க்காக்களை விலக்கி வைத்திருந்தது. அது நிற வேற்றுமை என்று 2002இல் நீதிமன்றம் சொன்ன பிறகே அவர்களுக்கும் கிடைத்தது. பாரிட் சூலோங்கில் ஆற்றருகே இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. மலேசிய அரசாங்கமும் 2005 முதல், 1957 ஆகஸ்டு 31 தொடங்கி 1966 முடிய இந்நாட்டுக்குச் சேவை செய்த காமன்வெல்த் வீரர்களுக்கு ‘பிங்காட் ஜாசா மலேசியா’ பதக்கம் வழங்கியது. 1964இல் பொந்தியானிலும் லாபிஸிலும் இறங்கிய இந்தோனேசியரை எதிர்த்தவர்கள் அதற்குரியவர்கள். 1942இல் அதே ஜொகூரில் நின்றவர்கள் அந்தக் காலவரையறைக்குள் வரமாட்டார்கள்.

இந்தியச் சிப்பாய்களின் நிலை இன்னும் சிக்கலானது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியரிடம் தனியே ஒப்படைக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவரிற் பலர் நியூகினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கில் பட்டினியாலும் நோயாலும் அழிந்தார்கள். சுதந்திர இந்தியா முன்னவர்களைக் கொண்டாடியது இயல்பே. வெள்ளையனுக்காகப் போரிட்டவர்கள் என்று பின்னவர்களை மறந்ததும் அவ்வாறே நேர்ந்தது. பிரிட்டனோ, மூவார் உடைந்ததற்கு அனுபவமற்ற இந்தியப் பிரிகேடே காரணம் என்று எழுதிவிட்டு நகர்ந்தது. பயிற்சியற்ற இளைஞர்களை இருபது மைலுக்கு மேற்பட்ட ஆற்றோரத்தில் பரப்பி நிறுத்தியவர் யார் என்ற கேள்வி மெதுவாகவே எழுந்தது. பார்கவாவும் கே. என். வி. சாஸ்திரியும் எழுதி 1960இல் வெளியான இந்திய அரசாங்க வரலாறு அப்போரை இந்தியர் கண்கொண்டு விவரித்தது. அந்நூலை இன்று நூலகங்களில்தான் தேடவேண்டும்.

பெயர் வாய்ப்பதில் உள்ள விசித்திரத்துக்கு ஓர் உதாரணமும் ஜொகூரோடு தொடர்புடையதே. 1935இல் சுல்தான் இப்ராஹிம் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு அளித்த 5 லட்சம் பவுன் நன்கொடையின் பொருட்டு, சாங்கியில் நிறுவப்பட்ட மூன்று 15 அங்குலப் பீரங்கிகளுக்கு ‘ஜொகூர் பேட்டரி’ என்று பெயரிட்டார்கள். கடலில் வரும் கப்பல்களை நோக்கி அமைந்த அவை ஜொகூர் மண்ணில் ஒரு நாளும் நின்றதில்லை. அவற்றின் சுரங்க அறைகள் 1991இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. 2002 முதல் அங்கே மாதிரிப் பீரங்கி ஒன்றை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டி வருகிறார்கள். பக்ரியில் டாங்கிகளைச் சுட்டவர்களைக் காண விரும்புவோர் கிராஞ்சிக்குப் போய், தூண்களில் ரெஜிமெண்ட் வாரியாகப் பொறித்த பெயர்களைப் படிக்க வேண்டும். அருகிலேயே, தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான தனிச் சின்னம் இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றைய இந்தியாவின் மைந்தர்கள்.